முதலில் கூப்பிடும் பெயர்

தையல்நாயகி தன் புருஷன் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னவள் இல்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் மகள் தனக்கொடியை முன்னால் தள்ளிவிடுவாள். மகள் கூட இல்லாத நாளில், "பெருமாள் கோயில்ல எல்லாரும் கத்துவாங்களே, அதுக்கு அப்பால ஒரு ராசு சேத்துக்குங்க" என்பாள். கடைக்காரர் சாரம் பகுதிப் பெண்களிடம் இப்படிப்பட்ட விடுகதைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். சிரிக்காமல் கோவிந்தராசு என்று எழுதிக்கொள்வார்.

இதில் பெருமாள் பாடுதான் திண்டாட்டம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் ஊர் ஊராகச் சாமிகள் வந்து இறங்கும். பெருமாள் தீர்த்தமாடும்போது கரை முழுக்க "கோவிந்தா, கோவிந்தா" என்று அதிரும். தையல்நாயகி மட்டும் கையைக் கூப்பிக்கொண்டு உதட்டை இறுக்கி மூடி நிற்பாள். "பெருமாளே உம்மேல கோச்சுக்கப் போறாரு பாரு" என்று கோவிந்தராசு பக்கத்தில் நின்று சீண்டுவான். அவள் முழங்கையால் அவன் விலாவில் ஓர் இடி இடிப்பாள்.

கல்யாணமான மறு வருஷ மாசி மகத்தில் அந்தக் கூட்டத்துக்குள் அவனைத் தவறவிட்டுவிட்டாள். "இந்தாங்க! இந்தாங்க!" என்று கத்திக்கொண்டு கரை நெடுக ஓடினாள். அந்தக் கூப்பாட்டுக்கு எத்தனையோ புருஷன்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடையவன் மட்டும் திரும்பவில்லை. கடைசியில் மணலில் உட்கார்ந்து அழுதே விட்டாள். அப்புறம்தான் கோவிந்தராசு கரையில் ஏற்றியிருந்த ஒரு படகுக்குப் பின்னாலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"நான் படகாண்டதான் நின்னுட்டிருந்தேன். இன்னாதான் பண்றன்னு பாத்தேன்."

"பாத்துக்கினே இருந்தியா? பாவி!"

"பேரச் சொல்லிக் கூப்ட்டிருந்தா மொத கூப்பாட்டுலயே ஓடியாந்திருப்பேன்ல?"

"ஊரு சனம் நடுவுல புருஷன் பேரச் சொல்லி ஏலம் போடணுமா நானு? போய்யா!"

அதற்குப் பிறகு அவனுக்கு அது ஓர் ஆசையாகவே ஆகிவிட்டது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஒரே ஒரு தடவ கூப்டு தையலு. உன் வாயில எம்பேரு எப்பிடி இருக்குன்னு கேட்டுட்டுப் போறேன்" என்பான். அவள் குழம்பை ஊற்றி வாயை அடைப்பாள். ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் காத்த ஆயுசு எவ்வளவு தூரம் வந்தது என்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷம் வரைக்கும் வந்தது.

கோவிந்தராசு முதலில் பஞ்சாலையில் தறி ஓட்டியவன். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்பு கம்பெனியில் சேர்ந்தான். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கலவைத் தொட்டி. எண்ணெயையும் காரத் தண்ணீரையும் ஊற்றினால் உள்ளே இரும்புத் துடுப்புகள் சுழன்று கலக்கும். ஒவ்வொரு கலவை முடிந்ததும் ஒருவன் உள்ளே இறங்கி, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அது கோவிந்தராசுவின் வேலை. சுவிட்சோ சுவருக்கு மறுபக்கம், பெண்கள் சோப்புக்குக் காகிதம் சுற்றும் கூடத்தில் இருந்தது. ஆவி பட்டு சுவிட்ச் கெட்டுவிடும் என்று அங்கே வைத்திருந்தார்கள். சுவிட்ச் கெடக் கூடாது என்று அவ்வளவு அக்கறையாக யோசித்தவர்களுக்கு ஆளைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சுவிட்ச் போடுகிறவர் அல்போன்ஸ் மேஸ்திரி. சின்ன வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய் வந்தவர். சுவிட்சில் கை வைக்குமுன் தொட்டிப் பக்கம் போகும் வாசலை நோக்கித் திரும்பி, "கோவிந்தராசு, போடட்டுமா?" என்று குரல் கொடுப்பார். "போடு மேஸ்திரி" என்று பதில் வரும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை அது. அவர் ஒருவருடைய பழக்கம், அவ்வளவுதான். ஒருவருடைய பழக்கம் அவர் லீவு போட்டால் அவரோடேயே போய்விடும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வில்லியனூர் மாதா தேருக்கு அவர் போயிருந்த அன்று மாற்று ஆள் நின்றான். வெளியே லாரி காத்திருந்தது. "போடுறேன்" என்று கத்தினான். கத்தியது வாஸ்தவம். பதில் வருகிறதா என்று நிற்கவில்லை.

அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கருமாதி முடிந்த பிறகு கம்பெனியில் மறுபடி மெஷின் ஓட்டினார்கள். தொட்டிக்கு அம்மாவாசை என்பவனைப் போட்டிருந்தார்கள். அவனும் பழைய தறிக்காரன்தான். தறிகளின் இரைச்சலிலேயே காது பாதி போனவன். அன்று அவன் சுரண்டி முடித்து மேலே ஏறிவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள். சுரண்டியை உள்ளேயே விட்டுவிட்டு அதை எடுக்க மறுபடி இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. அல்போன்ஸ் சுவிட்ச் பக்கம் வந்தார். நாக்கு பழகிய பழக்கம், "கோவிந்தராசு, போடட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

கூடமே உறைந்து போனது. காகிதம் சுற்றிய கைகள் நின்றன. பேச்சு நின்றது. மேஸ்திரி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அந்த அமைதியில்தான் தொட்டிக்குள்ளிருந்து 'கரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அம்மாவாசையின் கால் சுரண்டியில் இடறிய சத்தம். மேஸ்திரி ஓடிப் போய் அவனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அழுது முடித்ததும் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எங்க பட்டாளத்துல காலீல பேரு கூப்டுவாங்க. அதுக்கு அப்பேல்னு பேரு. இனிமே இங்கயும் அப்பேல் எடுத்துட்டுத்தான் மெஷின் போடறது. மொத பேரு கோவிந்தராசு. அதுக்குப் பதில் வராது. வராத பதிலுக்கு நின்னு பழகுனாத்தான், வர்ற பதிலுக்கும் நிப்பீங்க. அப்புறம் ஒவ்வொருத்தர் பேரா கூப்டுவேன். இருக்கேன்னு சொல்லணும். காது கேக்காதவன் வாசல்ல வந்து கையத் தூக்கணும்."

முதலாளிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. செத்தவன் பேரை வேளைக்கு ஒரு தரம் கூப்பிடுவது கம்பெனிக்கு ஆகாது என்றார். "அப்பிடின்னா நீங்களே வந்து போடுங்க மொதலாளி. அப்பேல் எடுக்காம என் கை அதுல போவாது" என்றார் மேஸ்திரி. முதலாளி சுவிட்ச் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

தையல்நாயகிக்குக் காகிதம் சுற்றும் கூடத்தில் வேலை கொடுத்தார்கள். முதல் நாள் காலையில் அவள் உட்கார்ந்து ஒரு காகிதக் கட்டைத்தான் பிரித்திருப்பாள், தலைக்கு நேரே "கோவிந்தராசு!" என்று குரல் எழுந்தது. கையிலிருந்த சோப்பு கீழே விழுந்தது. யாரோ அவனை வேலைக்கு அழைக்கிறார்கள், இதோ வந்துவிடப் போகிறான் என்று ஒரு நொடி நம்பிவிட்டாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் அடுத்து வந்த வருஷங்களில் அவள் வேலைக்கு வந்தாள் என்று சொன்னால் மிகையாகாது.

காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பின் ஒரு தரம், கலவை மாறும் போதெல்லாம் ஒரு தரம். பெயர் எழும். எல்லாக் கையும் நிற்கும். அந்த அமைதிக்குள் அவள் அவனோடு இருந்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிடிக்காமல் போனது. பொங்கல், தீபாவளி என்று சேர்ந்தாற்போல் லீவு வந்தால் முகம் சுண்டிவிடும். கரண்ட் போனால் கம்பெனியே சபிக்கும், தையல்நாயகி மட்டும் உள்ளுக்குள் குளிர்வாள். ஏனென்றால் கரண்ட் வந்து மறுபடி மெஷின் போட மறுபடியும் அப்பேல் எடுக்க வேண்டுமே!

மற்றவர்களுக்கும் அது உடம்போடு ஒட்டிப் போயிருந்தது. பெயர் கேட்டதும், மெஷினோடு சேர்ந்து கூடத்தில் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கை தானாகப் பின்வாங்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள், "யாரு அந்தக் கோவிந்தராசு? தெனம் லீவு போட்டுடறாரே!" என்று கேட்பார்கள். விஷயம் தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவர்களும் நிற்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கு விரல்கூட நசுங்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து காகிதம் சுற்றும் ஸ்டெல்லாமேரி ஒரு நாள் கேட்டாள். "ஏங்க்கா, ஊரே உங்க ஊட்டுக்காரர் பேரச் சொல்லுது. நீங்க மட்டும் சொல்ல மாட்றீங்க. இப்ப சொன்னா என்னா ஆயுசு கொறையப் போவுது?"

தையல்நாயகி காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "சொல்லாத வரைக்கும் அவரு எங்கியோ இருக்காரு, நான்தான் இன்னும் கூப்டல. கூப்ட்டு அவரு வரலன்னு வெச்சுக்க... அப்பறம் இல்லன்னு நானே ஒத்துக்கின மாதிரி ஆயிடும்டி."



எண்பத்து நாலில் அல்போன்ஸ் மேஸ்திரிக்குக் கண்ணில் புரை விழுந்தது. வாசலில் அம்மாவாசை தூக்கும் கை தெரியாமல் போன அன்றே, இனி நான் சுவிட்சில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து முதலாளி சகாயநாதன் என்றொரு இன்ஜினீயரை வேலைக்கு வைத்திருந்தார். முத்தியால்பேட்டைப் பையன், தங்கமானவன். வந்ததும் தொட்டியைச் சுற்றி நாலு தரம் நடந்து பார்த்து, ஒரு மின்சார மணியும் ஒரு சிவப்பு பல்பும் மாட்டினான். சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டான். தொட்டிக்குள் இறங்குகிறவன் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அம்மாவாசை சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். நல்ல யோசனை. இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். இது மட்டும் எழுபத்தெட்டில் இருந்திருந்தால் என்று நினைத்து தையல்நாயகி அந்தப் பூட்டை ஒரு நாள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆனால் மணி வந்ததும் அப்பேல் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கூப்பிட ஆள் இல்லை, மணி அடிக்கிறது, போதாதா என்று விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் மணி அடித்து மெஷின் ஓடியபோது அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தாள். சாயங்காலம் வரை வரவில்லை. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது இரண்டாம் தடவை தாலியறுத்துவிட்டு வருவது போல இருந்தது. சோறு இறங்கவில்லை. "இன்னாம்மா ஆச்சு?" என்று தனக்கொடி கேட்டாள். இன்னது என்று எப்படிச் சொல்வாள்? உங்கப்பா பேரை இன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை என்றா? வழியில் போகிறவர்கள் யாராவது யாரையாவது அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கினாள். அது ஒன்றும் அபூர்வமான பெயரும் இல்லை. ஆனால் வேண்டும்போது எந்தக் கோவிந்தராசும் தெருவில் நடமாட மாட்டேன் என்கிறான்.

இப்படியே வாரங்கள் போயின. தட்டாஞ்சாவடியில் கம்பெனிக்குக் கம்பெனி மணி. அடுத்த கட்டடத்தில் டீக்கு ஒரு மணி, அதற்கு அடுத்ததில் ஷிப்ட் மாற ஒரு மணி. எது நம் மணி, எது அவர்கள் மணி என்று காது பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டது. ஒரு நாள் மணி அடித்தபோது ஸ்டெல்லாமேரி பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனிந்து சிந்திய காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நிற்கவில்லை. பெல்ட் ஓடியது. முந்தானையைப் பிடித்து ஓர் இழு இழுத்தது. கிழிகிற புடவையாக இருந்ததால் கழுத்து பிழைத்தது. பாதி முந்தானை பெல்ட்டோடு சுற்றிக்கொண்டு போயிற்று.

எல்லாவற்றையும் சகாயநாதன் வாசலில் நின்று பார்த்திருந்தான். மெஷினை நிறுத்தி, அந்தக் கிழிந்த துணியைப் பெல்ட்டிலிருந்து பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

அன்று மதியம் தையல்நாயகி அவன் மேஜை முன்னால் போய் நின்றாள். கேட்காமல் இன்னொரு நாளை ஓட்ட அவளால் ஆகாது.

"சார், அந்த அப்பேல மறுபடியும் வெக்கச் சொல்லுங்க சார்."

"நானும் அதத்தாம்மா நெனச்சிட்டிருந்தேன். மணி அடிச்சா எல்லாருக்கும் கேக்குது. ஆனா யாரும் நிக்க மாட்றாங்க. பேரு கூப்ட்டப்ப நின்னாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"சார், நான் பொய் சொல்லக் கூடாது. ஸ்டெல்லாவுக்காக மட்டும் நான் வரல. அந்தப் பேரக் காதுல கேக்காம எனக்கு இருப்புக் கொள்ளல சார். பைத்தியம் புடிச்சிடும் போல இருக்கு."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சகாயநாதன் எழுந்து நின்றுவிட்டான்.

"யாரு கூப்டறது, அதான் யோசன. அம்மாவாசை காதுல பதில் விழாது. மத்த ஆம்பளைங்க ரெண்டு நாள் ஒழுங்கா கூப்டுவாங்க, மூணாம் நாள் லாரி வந்துடுச்சுன்னு கடகடன்னு ஒப்பிப்பாங்க. அந்தப் பேருக்கு அப்புறம் நிக்கறத அவசரப்படுத்தாத ஆளு இந்தக் கம்பெனியில ஒருத்தங்கதான் இருக்காங்க." அவன் தயங்கினான். "நாளைலருந்து சுவிட்ச்சுல நீங்க நிக்கறீங்களாம்மா?"

பெயர் வேண்டும் என்று கேட்க வந்தவளிடம், நீயே சொல் என்கிறான். வேண்டாம் என்றால் அந்தப் பெயர் இந்தக் கூடத்தில் இனி எழாது. சரி என்றால் இத்தனை காலம் வாய்க்குள் பொத்தி வைத்ததை வெளியே விட வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். சாயங்காலம் கிளம்பும்போது, ஸ்டெல்லாமேரி கிழிந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்து போவதைப் பார்த்தாள். திரும்பிப் போய், "நிக்கறேன் சார்" என்றாள்.

மறுநாள் காலை மணி அடித்தது. அம்மாவாசை அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துப் பூட்டைத் திறந்துவிட்டு வாசலில் போய் நின்றான். தையல்நாயகி சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றாள். கூடமே அவளைப் பார்த்தது. அவள் வாயைத் திறந்தாள். வந்தது "இந்தாங்க" என்பதுதான்.

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லாமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

தையல்நாயகி மறுபடி வாயைத் திறந்தாள். "கோவிந்தராசு" என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

"தொட்டி வரைக்கும் கேக்கணும்மா" என்றான் சகாயநாதன், மெதுவாக.

அவள் கண்ணை மூடினாள். மாசி மகத்துக் கூட்டம், மணல், கரையில் ஏற்றிய படகு.

"கோவிந்தராசு!"

சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தன் குரலில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. அவன் கேட்டிருந்தால் அதை வைத்தே ஒரு மாதம் சீண்டியிருப்பான். கூடத்தில் எல்லாக் கைகளும் நின்றிருந்தன. மொத கூப்பாட்டுலயே ஓடியாந்திருப்பேன் என்று சொன்னவனுக்காக அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் அம்மாவாசை மட்டும் இருந்தான். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கண்ணீர் தாடை வரை இறங்கியதை அவள் துடைக்கவும் இல்லை. பதில் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மாவாசை" என்று கூப்பிட்டாள்.